தமிழ் விசை உள்ளீடும் நிரல் மீளாய்வும்

நிரல் மீளாய்வு என்பது, ஒருவர் எழுதித் தரும் நிரலை மென்பொருளில் சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கும் நடைமுறையாகும். யார் வேண்டுமானாலும் பங்களிக்கக்கூடிய திறமூல மென்பொருள்களில் தரத்தைக் காப்பது பெரும்பாலும் இந்த நடைமுறையே. ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட பயன்பாடுகளை வேறோர் இயங்குதளத்தில் ஓட வைப்பவை ஒத்தியங்கு மென்பொருள்கள் எனப்படும். விண்டோஸ் பயன்பாடுகளை லினக்சில் ஓட்டும் வைன் இவற்றுள் பெயர்பெற்றது. விசைப்பலகையில் விரல் பட்டது முதல் திரையில் எழுத்து தோன்றுவது வரை நடக்கும் வேலைக்கு உள்ளீட்டுக் கையாளுகை என்று பெயர். இம்மூன்றும் தமிழில் சந்திக்கும் இடத்தின் வரலாறு இக்கட்டுரையில் கூறப்படுகிறது. சீர்தரம் அமைத்தவர்களைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அச்சீர்தரம் ஒவ்வொரு மென்பொருளிலும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்கும் வேலையைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை.

தட்டச்சுப் பொறி விட்டுச்சென்றது

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா. அப்பொறி எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அச்சிட்டது. 'கெ' என்று வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம். 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. தாளில் மை பட்டவுடன் வேலை முடிந்தது. எது முதலில் வந்தது என்று தாள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒருங்குறியில் 'கெ' என்பது ககரம் முதலாகவும் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படுகிறது; ஒலிக்கும் வரிசையே சேமிக்கும் வரிசை. தட்டச்சு நிலையத்தில் பயின்று தேர்வெழுதிய ஒருவருக்கு அவர் பழகிய விசைப்பலகையையே கணினியிலும் தர வேண்டுமானால், கொம்பைத் தட்டியவுடன் அதை வெளியிடாமல் பிடித்து வைத்து, அடுத்த மெய் வந்ததும் இடம் மாற்றித் தர வேண்டும். பிறகு கால் வந்தால் இரண்டையும் இணைத்து 'கொ' ஆக்க வேண்டும். தமிழ் உள்ளீட்டில் 'ஒரு விசைக்கு ஓர் எழுத்து' என்ற எளிய கணக்கு செல்லாது என்பதற்கு இதுவே முதற்சான்று.

1990களில் புழங்கிய எழுத்துருக்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் சுற்றிப் போயின. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது கணினியின் கணக்கில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள் மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். தமிழக அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில் எழுத்துருவும் ஒருங்குறிக்கு முற்பட்ட இத்தகைய தனிக் குறியாக்கத்தைச் சேர்ந்ததே. மனு எழுதித் தரும் ஜெராக்ஸ் கடைகளில் இவற்றின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். பட்டுக்குப் பெயர்போன ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தது. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்து, ஆற்றின் பெயரையே தாங்கிய இன்னோர் ஆரணி உண்டு. இக்கட்டுரை எழுதப்படுவது அங்கிருந்து.

தமிழ்99: நினைவு வேண்டும் விசைப்பலகை

1997ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் எழுத்துருக் குறியாக்கங்களும் அதன் வழியே உருவாகி, அவ்வாண்டே தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ல் அமைந்தது. ஒருங்குறியை அரசு முறையாக ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருந்தது. அரசாணைக்கு 19 ஆண்டுகள் பிடித்தன.

தமிழ்99ல் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி'. இதுவரை எளிது. இதன் அழகும் ஆபத்தும் புள்ளி விதியில் இருக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும்: க, க என்று தட்டினால் 'க்க'. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தமிழில் இந்த இணைகள் மிகுதியாக வருவதால் தட்டும் எண்ணிக்கை குறைகிறது. தமிழ் இலக்கணத்தை அறிந்தவர்கள் அமர்ந்து செய்த வேலை இது என்பது பார்த்தவுடனே விளங்கும்.

ஆனால் 'நதி' என்று எழுத வேண்டுமே! ந, த, இ என்று தட்டினால் விதி பாய்ந்து 'ந்தி' ஆகிவிடும். அதற்கும் வழி வைத்தார்கள். நகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டினால் புள்ளி விதி அந்த இடத்தில் நின்றுவிடும்: ந, அ, த, இ. 'மமதை'க்கு ம, அ, ம, த, ஐ. 'பப்பாளி'க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. அகரத்தை விட்டால் 'ப்பபாளி' என்று வரும், ஏனெனில் மூன்றாவது பகரத்துக்கு விதி மறுபடி பாயக் கூடாது.

நிரலாளருக்கு இங்கேதான் கண்ணி இருக்கிறது. நகரத்துக்குப் பின் தட்டிய அகரம் திரையில் எதையும் மாற்றுவதில்லை. 'ந' என்பதும் 'ந' தட்டி 'அ' தட்டியதும் உரையில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே உரையை மட்டும் திரும்பிப் பார்க்கும் நிரலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கடைசியாகத் தட்டிய விசை எது என்ற நினைவும் வேண்டும். அந்த நினைவை எப்போது அழிப்பது என்பது அடுத்த கேள்வி. ஒருவர் ககரத்தைத் தட்டிவிட்டு, சுட்டியால் வேறு பத்தியில் சொடுக்கி, அங்கே ககரத்தில் ஒரு சொல்லைத் தொடங்குகிறார். நினைவு அழியாதிருந்தால் புதிய சொல்லின் தலையில் அநாதையாக ஒரு புள்ளி வந்து உட்காரும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஆங்கில ஒலிப்பு வழியில் தட்டுபவருக்குக் 'கே' விசை 'க்' தருகிறது. அடுத்து 'ஏ' விசை அந்தப் புள்ளியை நீக்கிக் 'க' ஆக்குகிறது. அதாவது முன்பு இட்டதை அழித்தாக வேண்டும். தமிழ்99க்கு அழிக்கும் தேவை இல்லை. இரண்டாவது ககரம் தட்டப்படும்போது ஒரு புள்ளியும் ஒரு ககரமும் சேர்த்து இட்டால் போதும். அழிக்க வேண்டிய முறை, பயன்பாட்டின் ஒத்துழைப்பை நம்பியிருக்கிறது. அழிக்க வேண்டாத முறை நினைவை மட்டும் நம்பியிருக்கிறது. ஒத்தியங்கு மென்பொருளின் மேல் இவ்விரண்டும் வெவ்வேறு விதமாகப் பழுதுபடும். ஒலிப்பு முறையைப் பரப்பியதில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலுக்கும், தொடக்கத்தில் கீமேன் என்ற பொறியின் மேல் அமைந்த இ-கலப்பைக்கும் பெரும்பங்கு உண்டு. ஒலிப்பு முறையால் இளைஞர் பலர் தமிழில் எழுத வந்தனர் என்பதை மறுக்க முடியாது. தமிழ்99ஐப் பள்ளியிலேயே பழக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வைன்: ஒரு விசைக்கு மூன்று முகங்கள்

வைன் திட்டம் 1993ல் தொடங்கியது. 1994 முதல் அதன் பொறுப்பு அலெக்சாந்தர் ஜூலியார் கையில் இருக்கிறது. 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூன் 17ல்; தொடங்கிப் 15 ஆண்டுகள். விண்டோசின் மூல நிரலைப் பார்க்காமல், அதன் நடத்தையை வெளியிலிருந்து மட்டுமே கவனித்து அதுபோல எழுதுவது இத்திட்டத்தின் கட்டுப்பாடு. அந்த மூல நிரலைப் பார்த்தவர்களிடமிருந்து பங்களிப்பை ஏற்பதில்லை.

இக்கட்டுப்பாட்டால் மீளாய்வின் தன்மையே மாறுகிறது. 'இது நன்றாக இருக்கிறது' என்பது போதாது. 'விண்டோஸ் இப்படித்தான் செய்கிறது என்பதற்குச் சான்று எங்கே?' என்பதே கேள்வி. எனவே பங்களிப்பாளர்கள் திருத்தத்தோடு சோதனை நிரலும் எழுதித் தருவது வழக்கமாயிற்று. அதே சோதனை உண்மையான விண்டோசிலும் ஓட்டப்படும், வைனிலும் ஓட்டப்படும். உள்ளீட்டுக்கான சோதனைகள் ஒரு விசை தட்டப்பட்டதுபோல் செய்தி அனுப்பி, பயன்பாட்டுக்கு எவை எந்த வரிசையில் போய்ச் சேருகின்றன என்று பார்க்கும்: விசை அழுந்தியது, எழுத்து வந்தது, விசை மீண்டது. வரிசை பிசகினால் ஏதோ ஒரு பழைய பயன்பாடு எங்கோ தடுமாறும். விண்டோசே வினோதமாக நடந்துகொள்ளும் இடத்தில் வைனும் அந்த வினோதத்தை அப்படியே செய்ய வேண்டும். பிழையைத் திருத்தியே பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒப்புக்கொள்ளக் கடினமான நியாயம்தான்.

விசைக்கு மூன்று முகங்கள் உண்டு. பலகையில் அது இருக்கும் இடம் ஒன்று. விண்டோஸ் அதற்கு வைத்திருக்கும் பெயர் இரண்டாவது. அது தரும் எழுத்து மூன்றாவது. ஆங்கிலத்தில் பெயரும் எழுத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. தமிழ்99ல் 'சி' விசை ஒகரம் தருகிறது, 'வி' விசை வகரம், 'எக்ஸ்' ஓகாரம், 'இசட்' ஔகாரம். ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டே கட்டுப்பாட்டு விசையோடு 'சி'யை அழுத்துகிறார். அவருக்கு வேண்டியது நகலெடுப்பு. எழுத்தைப் பார்த்து முடிவு செய்யும் நிரல் 'கட்டுப்பாடு-ஒ' என்று புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடும். பெயரைப் பார்க்கும் நிரல் சரியாக நகலெடுக்கும்.

லினக்சின் எக்ஸ் சாளர அமைப்பு வைனுக்கு விசையின் இடத்தையும் எழுத்தையும் தருகிறது. விண்டோஸ் பெயரைத் தருவதில்லை. அதனால் வைன் தன்னிடம் உள்ள விசைப்பலகை அட்டவணைகளோடு எழுத்துகளை ஒப்பிட்டு, எது அதிகம் பொருந்துகிறதோ அதை ஊகித்து, அதன் வழியே பெயரைக் கண்டுபிடித்துவந்தது. அந்த அட்டவணைகளில் பெரும்பகுதி ஐரோப்பிய மொழிகளுக்கானவை. அட்டவணையில் இல்லாத விசைப்பலகை வந்தால், அருகில் உள்ளதை வைத்துச் சமாளிக்கும். ஒரு பங்களிப்பாளர் இந்தப் பகுதியில் ஒரு வரியை மாற்றினால், அது தன் மொழிக்குச் சரியாகவும் முன்பின் அறியாத மொழிக்குத் தவறாகவும் போகக்கூடும். உள்ளீட்டுத் திருத்தங்கள் எளிதில் ஏற்கப்படாமல் மீண்டும் மீண்டும் கேள்விக்குள்ளாவதன் நியாயம் இதுவே.

தமிழுக்கு இன்னொரு தனிச்சிக்கலும் உண்டு. ஒருங்குறிக்கு முற்பட்ட விண்டோஸ் பயன்பாடுகள் மொழிக்கொரு குறிப்பக்கத்தை நம்பியவை. ரஷ்யனுக்கு உண்டு, கிரேக்கத்துக்கு உண்டு, தாய் மொழிக்கு உண்டு. தமிழுக்கு விண்டோஸ் அப்படியொரு குறிப்பக்கம் தரவே இல்லை. ஆகவே பழைய பயன்பாட்டில் ஒருங்குறித் தமிழ் எழுத்து போய்ச் சேர்ந்தால் கேள்விக்குறியாக மாறும். இது வைனின் பிழை அன்று, விண்டோசிலும் அப்படியே. ஆனால் பாமினி போன்ற எழுத்துருவில் செய்த பழைய ஆவணம், எழுத்துருவை நிறுவிவிட்டால், வைனில் தடையின்றி வரும். கணினிக்கு அது ஆங்கிலம் என்பதே காரணம். பழைய முறையை விட மனம் வராதவர்களுக்கு இந்த எளிமை ஒரு சாக்காகவும் பயன்பட்டிருக்கிறது.

காக்களூர் மடிக்கணினிகள்

இச்சிக்கல்கள் வல்லுநர்களோடு நின்றுவிடவில்லை. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது தரப்பட்ட கணினிகளில் விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஒரே மாணவர் ஒரே கணினியில் காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றதிலும் தமிழ் தட்ட நேர்ந்தது அதுவே முதல்முறையாக இருக்கும். இரண்டிலும் ஒரே தட்டல் ஒரே எழுத்தைத் தர வேண்டும் என்று மாணவர் எதிர்பார்ப்பது இயல்பு.

லினக்ஸ் பக்கத்தில் தமிழ் இரண்டு இடங்களில் வாழ்கிறது. எக்ஸ் அமைப்பின் விசைப்பலகைத் தொகுப்பில் 'தமிழ்நெட் 99' என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அது இடத்துக்கு எழுத்தைப் பொருத்தும் அட்டவணை மட்டுமே. அதனிடம் நினைவு கிடையாது. தானியங்கிப் புள்ளியை அதனால் தர முடியாது. விதிகளோடு கூடிய முழுத் தமிழ்99, ஜப்பானிய ஆய்வாளர்கள் தொடங்கிய எம்17என் நூலகத்தின் தரவுத் தொகுப்பில் உள்ளது. தட்டச்சு முறை, ஒலிப்பு முறை ஆகியவற்றுக்கும் அங்கே கோப்புகள் உண்டு. ஒரே பெயரில் இருவகை 'தமிழ்99' இருப்பதால், ஒன்றைப் பழகியவர் மற்றதில் தட்டிப் பார்த்து 'லினக்சில் தமிழ் சரியில்லை' என்று சொல்லிவிடுகிறார்.

விக்கிமீடியா திட்டங்களின் தளங்களில் தமிழ் தட்ட உதவும் ஜேகுவெரி.ஐஎம்இ என்ற திறமூல நூலகம் வேறொரு பாடம் தருகிறது. அதன் தமிழ்99 கோப்பைத் திறந்தால் விதிகள் சிறு சிறு வரிகளாக இருக்கும். தட்டிய விசைகளில் சிலவற்றை நினைவில் வைக்கும் வசதியும் உண்டு. மொழிக்கு மொழி சோதனை வரிசைகள் தனியே எழுதப்பட்டிருக்கும்: இன்ன விசைகளைத் தட்டினால் இன்ன சொல் வர வேண்டும். சோதனையைப் படிக்க நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். பழைய ஆசிரியர்கள் நுழையக்கூடிய கதவு இது என்று நான் நினைக்கிறேன்.

தமிழ் அறியாத மீளாய்வாளர் எதைப் பார்ப்பார்? நிரல் திட்டத்தின் நடைக்கு ஒத்திருக்கிறதா, நினைவகம் கசிகிறதா, சோதனைகள் தேறுகின்றனவா என்று பார்ப்பார். 'அம்மா', 'தமிழ்', 'வணக்கம்' என்று மூன்று சோதனைகள் இருந்தால் மூன்றும் தேறிவிடும். 'நதி' என்ற சோதனை வேண்டும் என்று கேட்க அவருக்குத் தோன்றாது. 'நந்தி' வேண்டும் என்றும் தோன்றாது. 'க்க' என்று தட்டியபின் ஓர் எழுத்தை அழித்தால் எஞ்சுவது 'க்' ஆயிற்றே, அடுத்து ககரம் தட்டினால் இன்னொரு புள்ளி வருமா என்று கேட்பதற்கு, தமிழில் தட்டித் திருத்திய பழக்கம் வேண்டும்.

ஸ்ரீயின் இரண்டு உருவங்கள்

கண்ணுக்குத் தெரியாத பிழைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்து ஒருங்குறியில் தொடக்கத்தில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று எழுதப்பட்டது. 2005ல் வந்த 4.1 பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்டது. அதன்பின் ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பதே முறையான வரிசை என்று ஆயிற்று. திரையில் இரண்டும் ஒரே வடிவம். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

தமிழ்99ல் 'ஸ்ரீ'க்குத் தனி விசையே உண்டு. அந்த விசை எந்த வரிசையை வெளியிட வேண்டும் என்பதை ஒவ்வொரு நிரலும் தானே முடிவு செய்கிறது. பழைய கோப்பு ஒன்றைத் தரும். புதிய கோப்பு மற்றதைத் தரும். ஸ்ரீ என்று தொடங்கும் பெயருடைய மாணவி ஒருவரை நான் பணியாற்றிய காலத்தில் ஒரு பட்டியலில் தேடினோம். பெயர் கண்ணெதிரே இருந்தது. தேடல் 'இல்லை' என்றது. சான்றிதழ் நாளில் அப்படி வந்தால் அந்தக் குழந்தையின் நிலை என்ன? 'ஔ'வும் இப்படித்தான். தனி எழுத்தான 'ஔ'வும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்ட 'ஒள'வும் பல எழுத்துருக்களில் பிரித்தறிய முடியாதவை. க என்ற எழுத்துக்கும் ௧ என்ற எண்ணுக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லவே வேண்டாம்.

இத்தகைய இடங்களில் எது சரி என்று விண்டோசைக் கேட்டும் பயனில்லை. வைனின் மீளாய்வு முறை மிக வலுவானது. ஆனால் அது ஒத்திருத்தலைச் சோதிப்பது. முன்மாதிரியே இரண்டாகப் பிரிந்திருக்கும்போது மொழி அறிந்தவரின் தீர்ப்பு தேவைப்படுகிறது.

அண்மைய மாற்றங்கள்

2022ல் வைன் தன் மீளாய்வுப் பணியைக் கிட்லேப் தளத்துக்கு மாற்றியது. ஒரு திருத்தத்தின் மேல் யார் என்ன கேட்டார்கள், எப்படி மாற்றப்பட்டது என்பவை அங்கே ஓரிடத்தில் வரிசையாகப் படிக்கக் கிடைக்கின்றன. 2024 ஜனவரியில் வெளிவந்த 9.0 பதிப்பில், எக்ஸ் அமைப்பின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வேலண்டுக்கான இயக்கி சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது. விசை வரும் பாதை இதனால் புதிதாக எழுதப்படுகிறது. இடம், பெயர், எழுத்து என்ற மூன்றையும் பிரிக்கும் வேலை மறுபடி நடக்கிறது. உள்ளீட்டு முறைக்கும் பயன்பாட்டுக்கும் இடையே, சுட்டிக்கு முன்னால் உள்ள உரை என்ன என்று தெரிவிக்கும் ஏற்பாடு வேலண்டில் உள்ளது. ஒலிப்பு முறைக்கு இது நல்ல செய்தி, ஏனெனில் அழிக்க வேண்டியதை அறிந்து அழிக்கலாம். தமிழ்99ன் அகரத்துக்கு இதனால் பயன் இல்லை. உரையில் இல்லாத ஒன்றை உரையைப் பார்த்து அறிய முடியாது. விசையின் நினைவு இன்னமும் உள்ளீட்டு முறையிடமே இருக்க வேண்டும். சாளரம் மாறும்போதும், சுட்டி நகரும்போதும், அம்புக்குறி தட்டும்போதும் அந்த நினைவு அழிகிறதா என்பதை, புதிய பாதையில் ஒவ்வொரு பயன்பாட்டிலும் 'நதி'யைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.